மூன்றாம் பரிசு: ஆள் இல்லை

ஆலையின் நெற்களத்தில்தான் நடந்தது.
வேறெங்கே? அறுத்த வயலில்
தாளில் சிக்கிச் சக்கரம் நின்றுவிடும்.
அன்று ஒருநாள் புழுங்கல் காயப்போடவில்லை;
முதலாளிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

திருவாரூர், எழுபத்துமூன்று, தைக் கடைசி.
ஆண்கள் பதினான்கு பேர்.
பெண்கள் நானும் ஜெய்னம்புவும்.
எங்களுக்குச் சக்கர நாற்காலி ஒன்று.
அவள் மூன்று அம்பு விட்டதும் இறக்கி
பெஞ்சில் சாய்த்துவிட்டு
என்னைத் தூக்கி வைப்பார்கள்.
இருக்கையில் அவள் சூடு இருந்திருக்கும்,
இடுப்புக்குக் கீழே எனக்குத் தெரியாது.
வில்லின் பிடியில் தெரிந்தது.

கொள்ளிடக்கரை மூங்கில்,
நாகப்பட்டினத்து வலைக்கயிறு நாண்.
முந்தானையைக் கவ்வும் என்று
நர்ஸ் அகஸ்தா ஏழு ஊக்கு குத்தினாள்,
சைக்கிள் டியூபை வெட்டி
மார்புக்குக் குறுக்கே கட்டினாள்.
வேலியோரம் ஒருத்தி "பாவம்" என்றாள்.
இன்னொருத்தி, "ரவிக்கை கிழிஞ்சிடப் போவுது."
இரண்டாவது பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

இலக்கு, வைக்கோல் பிரி.
சுருட்டித் தைத்து
சுண்ணாம்பும் காவியும் பூசிய வட்டங்கள்.
பார்த்ததும் வாய் உலர்ந்தது.
ஓடம்போக்கிப் பாலத்து வளைவில்
வண்டி குடைசாய்ந்து
என் முதுகின்மேல் விழுந்ததும் இதே மணம்தான்.

முதல் அம்பு காக்கையைக் கிளப்பியது.
இரண்டாவது களத்தைத் தாண்டி உமிக் குவியலில்.
மூன்றாவது தைத்த சத்தம்
காதில் இல்லை, தோளில் கேட்டது.
பிறகு நான் எண்ணவில்லை.
ஜெய்னம்பு எண்ணினாள்,
என்னுடையதையும் சேர்த்து,
உதட்டுக்குள், ஸலவாத்து ஓதுவதுபோல.

ஆலைச் சங்கு ஊதியபோது
அவளுக்கு நூற்றுப் பதினொன்று, எனக்கு நூற்று நான்கு.

சான்றிதழில் அச்சான 'திரு'வுக்குப் பின்னால்
பேனாவால் 'மதி' சேர்த்தார்கள்,
கல்யாணமே ஆகாத இருவருக்கும்.
மேசையில் இன்னும் ஒரு பதக்கம்.
கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
நோட்டில் எழுதினார்:
மூன்றாம் பரிசு: ஆள் இல்லை. திரும்பப் பெறப்பட்டது.

"ஆள் இருக்கு" என்றாள் ஜெய்னம்பு.
"எங்கே?"
"வீட்டுக்குள்ள இருக்கு."

கொரடாச்சேரியில் அக்காள் தங்கை இருவர்,
பேரளத்தில் ஒருத்தி,
மன்னார்குடியில் மாடியைவிட்டு
நாலு வருஷமாய் இறங்காத ஒருத்தி.
அகஸ்தாவின் வார்டு நோட்டில் பெயர்கள் இருந்தன.
எல்லா வீட்டுக்கும் கார்டு போட்டிருந்தாள்.

கணக்கப்பிள்ளை பேனாவை மூடவில்லை,
எழுதியதை அடிக்கவும் இல்லை.
அதற்குள் கூடை கூடையாய்ப் புழுங்கல் வந்தது,
ஆவி எழுந்து
சக்கரத் தடத்தின்மேல் நெல் பரவியது.

உமிக் குவியலுக்குள் போன அந்த ஒன்றை மட்டும்
யாரும் தேடி எடுக்கவில்லை.