இரண்டு தன்னானே

செல்லூரில் எங்கள் ஸ்டுடியோச் சுவர் முழுக்க
முட்டை அட்டை.
பங்குனி வெயிலில் அதற்கு ஒரு வாடை உண்டு.
தேர்தல் அறிவித்த நாளிலிருந்து
நானும் ஜெய்லானியும் வீட்டுக்குப் போய்த் தூங்கியதில்லை.
மூன்று கட்சிக்கும் ஒரே தவில் டிராக்.
வேகத்தை மட்டும் கூட்டிக் குறைப்போம்.
கொள்கைக்குக் கொள்கை அவ்வளவுதான் வித்தியாசம்
என்பான் ஜெய்லானி, கீபோர்டிலிருந்து நிமிராமல்.

அன்று ஒரு சுயேச்சையின் ஆட்கள் வந்தார்கள்.
'மாநகராட்சி வாசல்ல போன வருசம்
துப்புரவுப் பொம்பளைங்க பாடுனாங்களே,
போன்ல சுத்துச்சே, அந்த மெட்டு வேணும்.
வார்த்தை நாங்க குடுத்துர்றோம்.'
மெட்டுக்குச் சொந்தக்காரி தத்தனேரியில் இருக்கிறாள் என்றேன்.
'அவங்களையே வரச்சொல்லுங்க. நல்லதாப் போச்சு.'

குருவம்மா வேலை முடித்து நேரே வந்தாள்.
ஹெட்போன் கொண்டைக்கு மேலேயா கீழேயா என்று கேட்டாள்.
ஜெய்லானி காகிதத்தை வாசித்துக் காட்டினான்:

கும்பிட்டு வாராரு கொணமான ஆளு
கொறையெல்லாம் தீர்ப்பாரு கொஞ்சநாள் கேளு

'கொஞ்சநாள்னா எத்தன நாளு?'
யாரும் சொல்லவில்லை.
சின்னம் இன்னும் ஒதுக்கவில்லை.
அது வருகிற இடத்தில் தன்னானே போடச் சொன்னார்கள்.
இரண்டு தன்னானே.
ஒதுக்கியதும் வந்து நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்த மெட்டில் அவள் பாடியது எனக்குத் தெரியும்.
ராத்திரி எல்லோரும் போன பின்
காதிலிருந்து வேட்பாளர்களைக் கழுவிக்கொள்ள
அதைத்தான் போட்டுக் கேட்பேன்.
போனில் பிடித்தது. பஸ் ஹாரன், போலீஸ் விசில்,
யாரோ தண்ணி கேட்கிறார்கள்,
நடுவே:

கையொற கேட்டா கைய விரிக்கிறே
கூலியக் கேட்டா நாளக் குறிக்கிறே

குறிக்கிறே முடிந்ததும் ஒரு மூச்சு இழுப்பாள்.
சாக்கடை மூடியைத் தூக்குமுன் இழுக்கிற மூச்சு.

மைக் முன்னாலும் அதே இடத்தில் இழுத்தாள்.
'எளைக்கிற மாதிரி இருக்கு, அத வெட்டிருங்க'
என்றார் கூலிங்கிளாஸ் போட்டவர்.
திரையில் அந்த மூச்சு ஒரு நெல்மணி அளவு மேடு.
வெட்டினேன்.
அவள் ஐந்நூறை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டாள்.
எனக்கு இரண்டாயிரம் பாக்கி.

சின்னம் வந்தது. கத்திரிக்கோலோ கைப்பையோ,
இப்போது மறந்துவிட்டது.
குருவம்மா வரவில்லை.
சம்பளப் பாக்கி கேட்டு வாசலில் உட்கார்ந்தவர்களை
வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள்.
போன் போட்டேன்.
அவளுக்குப் பின்னால் அறுபது குரல்,
நான் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வராத
எதிரொலி.
'இன்னிக்கு ஏலாது தம்பி. இங்க பாடிக்கிட்டு இருக்கோம்.'

பாட்டு தன்னானேயோடு ஆட்டோ ஏறியது.
சிம்மக்கல், யானைக்கல், பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம்,
வெள்ளையடித்த சுவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.
தத்தனேரியில் லாரித் தண்ணிக்கு நின்ற பெண்கள்
குடத்தை இறக்கி வைத்துவிட்டு
அந்த ஓட்டையில் தங்கள் வரியைப் போட்டார்கள்.
'கூலியக் கேட்டா.'
அவ்வளவுதான் இடம் கொண்டது.
மீதியைச் சொல்வதற்குள் ஆட்டோ நகர்ந்துவிட்டது.
டிரைவரும் தினக்கூலிதான்.
தெருமுனையில் வளைத்துத் திரும்பி வந்து
இன்னொரு தரம் போட்டானாம்.

எங்கள் ஆளுக்கு டெபாசிட் போனது.
என் இரண்டாயிரமும்.
ஜெயித்தவருக்கு நன்றிப் பாட்டு செய்தோம், அதே தவில் டிராக்கில்.
முடித்துக் கேட்டபோது
இரண்டு நன்றிக்கு நடுவே அந்த மூச்சு.
பழைய கோப்பிலிருந்து தவறி விழுந்துவிட்டது
என்றான் ஜெய்லானி, என் முகத்தைப் பார்க்காமல்.
'எடுத்துரவா?'

வெளியே ஆள் காத்திருந்தார், பென்டிரைவோடு.
மணி ஒன்பதே முக்கால்.
பத்துக்கு மேல் போட முடியாது,
குடுத்து அனுப்பு என்றேன்.