போதிய காரணம்

சி-மூன்று இருக்கையில் பதினோரு வருடம்.
மஞ்சக்குப்பத்தில் மழை என்றால்
முதலில் நனைவது என் அலமாரியின் கீழ்த்தட்டு.
துப்பாக்கி உரிமக் கோப்புகள் அதில்தான்.

விதியில் ஒரு சொல் இருக்கிறது: போதிய காரணம்.
எவ்வளவு இருந்தால் போதும் என்று
எந்த அரசாணையும் சொல்லவில்லை.
படியில் தலைதட்டி அளப்பதா, கோபுரமாய்க் குவிப்பதா,
அது அளக்கிறவர் கை.

பண்ருட்டி முந்திரி ஏற்றுமதியாளர் கோதண்டபாணி
காரணம் என்ற கட்டத்தில் 'அந்தஸ்து' என்று எழுதி
அதை அடித்து, மேலே 'தற்காப்பு' என்று போட்டிருந்தார்.
அடித்தது நன்றாகவே தெரிந்தது.
பதினெட்டு நாளில் உரிமம்.
தேர்தல் வந்தால் துப்பாக்கியை
நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.
டிரைவரிடம் கொடுத்தனுப்புவார்.
போன தடவை உறையைத் திறந்த ஏட்டு
உள்ளே இரண்டு பல்லி முட்டை பார்த்தாராம்.

அஞ்சலாட்சி முதுநகர் பக்கம் ஒரு குப்பம்.
மீன் விற்கிறவள்.
புருஷனை வெட்டியவர்கள் ஏழு பேர்.
கோர்ட்டில் ஏழு பேரையும் விரல் நீட்டிக் காட்டினாள்.
தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஐந்து பேர் ஜாமீனில்.
அதில் ஒருவன் தினமும் அவள் கூடைக்கு முன் குந்தி
சங்கரா என்ன விலை என்று கேட்கிறான்.
அதைத்தான் காரணக் கட்டத்தில் எழுதியிருந்தாள்,
பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உருண்டைக் கையெழுத்தில்:
'விலை கேட்கிறான். வாங்குவதில்லை.'

காவல்துறை அறிக்கை மூன்றே வரி.
மனுதாரர் நலமுடன் தொழில் செய்து வருகிறார்.
இதுவரை தாக்குதல் ஏதும் நிகழவில்லை.
எனவே அச்சுறுத்தல் இருப்பதாகத் தெரியவரவில்லை.
அவள் உயிரோடு இருந்ததே
அவளுக்கு எதிரான சாட்சி.

விசாரணைக்கு வந்த அன்று அதிகாரி கேட்டார்:
துப்பாக்கியைத் தொட்டிருக்கியாம்மா?
இல்லீங்க.
கோபம் வருமா?
வரும்.
அதை நான் குறிப்பில் எழுதினேன்.
கோதண்டபாணியிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.
வராந்தாவில் விட்டுவந்த கூடையில் அவள் கத்தி,
தீட்டித் தீட்டிப் பாதியாய் மெலிந்தது.
அதற்கு உரிமம் வேண்டாம்.

அவளுக்குக் கிடைத்தே தீர வேண்டும் என்று
நானும் நினைத்தவன் இல்லை.
அவளோடு மகன் வந்திருந்தான், ஒன்பது வயது.
என் மேசை ஸ்டாப்ளரை எடுத்து
சன்னல் கம்பிக்கு வெளியே இருந்த காக்கையை
ஒரு கண் மூடிக் குறிபார்த்தான்.
அதை எழுதவில்லை.
ஒன்றை எழுதினேன், ஒன்றை விட்டேன்.
எனக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது என்று
வீட்டில் அடிக்கடி சொல்வேன்.

கோப்பில் இரண்டு வரைவு வைப்பது வழக்கம்.
இரண்டிலும் கடைசி வரிக்கு முன்வரை ஒரே வாசகம்:
அறிக்கைகளைக் கவனமுடன் பரிசீலித்ததில்.
அதற்குள் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார்.
புதியவர் வந்த முதல் வாரமே
மேலே இருந்த வரைவில் கையெழுத்திட்டார்.
மேலே வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

உத்தரவை வாங்க அவளே வந்தாள்.
படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.
காரணம் போதலைன்னா, சார்,
இன்னும் எவ்வளவு ஆகணும்?
முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றேன்.
காகிதத்தை நான்காய் மடித்து
சுருக்குப்பையில் சில்லறையோடு செருகிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு கடைத்தெருவில்
கூட்டத்தில் யார் என்று பாராமல் குனிந்து
சங்கரா என்ன விலை என்று கேட்டுவிட்டேன்.
நிமிர்ந்தாள்.
கேட்ட பிறகு நகர முடியவில்லை.
ஒரு கிலோ.
எங்கள் வீட்டில் சங்கரா யாருக்கும் பிடிக்காது.
சுத்தம் பண்ணித் தரவா சார் என்று
கத்தியை எடுத்தாள்.