நிலுவை

ஆண்டுக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.
அதனால் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.
வராதவன் மறுக்க முடியாதே.

துங்காபி சமூக மண்டபம்
மணிக்கு முப்பத்தெட்டு டொலர்,
வெளிச்சம் அதற்குள், ஹீட்டர் புறம்பு.
செவ்வாய் இரண்டு மணித்தியாலம், வெள்ளி இரண்டு.
காப்புறுதி, வருடத்துக்கு ஒருதரம்,
விழுந்தாலும் விழாவிட்டாலும்.
நீலப் பாய்கள் நாற்பது,
மூடிப்போன ஜிம் ஒன்றிலிருந்து பாதி விலைக்கு;
ஓரங்களை யாரோ கடித்ததுபோல் இருக்கும்.
சென்செய் லொரெயினுக்குச் சம்பளம் சைபர்.
ஒருமுறை பெற்றோல் காசு கொடுத்தேன்.
அதற்குக் கையுறை வாங்கி வந்து
பொது அலமாரியில் போட்டாள்.

பிள்ளைக்கு மாதம் எண்பத்தைந்து.
வெள்ளை உடுப்பு அறுபது,
எங்கள் ஆட்கள் இரண்டு அளவு பெரிதாக வாங்கி
கையை மடித்துத் தைப்பார்கள்.
பல்லுக்கு ரப்பர், காலுக்கு மெத்தை,
பெல்ட் சோதனைக்கு எழுபது,
தேறினால் புதுப் பெல்ட் பன்னிரண்டு,
தேறாவிட்டால் மறுபடி எழுபது.
மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில்
என் மகளுக்கு இன்னும் எத்தனை நிறம் என்று
ஓரிரவு கூட்டிப் பார்த்தேன்.
பழைய கரோலா ஒன்று வந்தது.
மனைவிக்குச் சொல்லவில்லை.

எக்செல் தாளில்
பதினேழாவது வரி சிவப்பு.
அகவன் யோகேந்திரா, வயது பதினொன்று.
ஏப்ரல் இல்லை, மே இல்லை, ஜூன் இல்லை.
தகப்பனுக்குப் பெயின்ட் வேலை.
ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்பது
கோயில் சாப்பாட்டு வரிசையில்
முதுகுக்குப் பின்னால் கேட்டது.
திரும்பிப் பார்க்கவில்லை. பருப்பு கேட்டேன்.

நினைவூட்டல் எழுத உட்கார்ந்தேன்.
அன்புள்ள பெற்றோருக்கு,
அன்பு எங்கே வந்தது இதில்?
அழித்தேன்.
தயவுசெய்து,
யாருடைய தயவு?
அழித்தேன்.
தொகையை மட்டும் எழுதினேன்,
இருநூற்று ஐம்பத்தைந்து.
முகத்தில் குத்துகிற மாதிரி இருந்தது.
எங்கள் கழகத்தில்
பதினாலு வயதுக்குக் கீழே முகத்தில் குத்தத் தடை.
அனுப்பினேன்.

அடுத்த செவ்வாய் பெடியன் வரவில்லை.
வெள்ளியும் இல்லை.
பக்கத்திலிருந்தவள் ஒரு எட்டு நகர
வரிசை மூடிக்கொண்டது.

ஜூலைக் குளிர்.
குப்பைப் பை எறிய வெளியே போனேன்.
கார் நிறுத்துமிடத்தின் கடைசி விளக்கடியில் அவன்.
பள்ளிக்கூட ஸ்வெட்டர்.
சப்பாத்துகளைக் கழற்றி
ஓரமாக, சோடியாக வைத்திருந்தான்,
அங்கேயும் பாய் விரித்திருப்பதுபோல.
உள்ளே லொரெயின் இச்சி என்றால்
வெளியே ஒரு கை போகும்.
நி என்றால் மற்றக் கை.
மூன்றும் நாலும் ரயில் சத்தத்தில் போயின,
ஐந்தில் சரியாக வந்து சேர்ந்தான்.

என்னைக் கண்டதும் குனிந்து வணங்கினான்.
முறைப்படி, கை தொடையோடு ஒட்ட.
நான் குப்பைப் பையோடு நின்றேன்.
பதிலுக்குக் குனிவதென்றால் பையை எங்கே வைப்பது?

உள்ள வாவன் தம்பி என்றேன்.
"அப்பா சொன்னவர், கட்டினாப் பிறகு."

திரும்பிப் போய்
அந்தப் பக்கத்து யன்னல்கள் மூன்றையும் திறந்துவிட்டேன்.
தாய்மார் இருவர் கோட்டை இழுத்துப் போர்த்தினார்கள்.
என் மகள் மெத்தக் குளிர் என்று முறைத்தாள்.
லொரெயின் யன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

அந்த மாதம் ஹீட்டர் பதினொரு டொலர் கூட.
காரணம் என்ற பெட்டியில்
யன்னல் என்று எழுதினேன்.

நீயே கட்டியிருக்கலாமே என்பீர்கள்.
பணப்பை பிடரிப் பக்கம்தான் இருந்தது, பின்சட்டைப்பையில்,
எடுத்தும் பார்த்தேன்.
மகளின் பச்சைப் பெல்ட் சோதனை ஓகஸ்டில்.
பதினேழாவது வரி
இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.