பின்பனிக்கு இன்னும் ஆறு ஞாயிறு

மயூர் விஹாரில் என் பால்கனியில்
பழைய போர்வைக்குள் நிற்கிறது சைக்கிள்,
காய்ச்சல்காரன் மாதிரி.
கார்த்திகையில் கடைசியாக மிதித்தது.
அன்று பாலத்தின் நடுவே
நாங்கள் நான்கு பேரும் இருமிய இருமலில்
கைப்பிடிச் சுவர்ப் புறாக்கள் எழுந்து போயின.
அதோடு சரி.
மாசி வரட்டும் என்றாள் பல்ஜிந்தர்.
மாசி என்று அவள் சொல்லவில்லை, பிப்ரவரி என்றாள்.
மாற்றிக்கொண்டது நான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை
கால்களுக்குத் தெரிந்துவிடுகிறது.
ஐந்தரைக்குத் தாமாகவே விழித்து
ரஜாயை உதைக்கின்றன.
கைபேசியில் காற்றின் எண்ணைப் பார்க்கிறேன்.
முந்நூற்றுக்குக் கீழே என்றால்
எங்களுக்கு அது பண்டிகை.
வெயில் என்று ஒன்று
வரப்போவதாக வதந்தி பரவிய பிறகு
யமுனைக் கரைக்கு நடக்கிறோம்.

ஷகுஃப்தா வறுத்த வேர்க்கடலை கொண்டுவருவாள்.
இம்னாவின் தோள்பையில்
பஞ்சர் ஒட்டும் சாமான், சாவிக்கொத்து, கைப்பம்ப்.
சைக்கிளே இல்லையே என்றால்
பைக்கு அது தெரியாது என்கிறாள்.

படித்துறையெங்கும் வெள்ளைப் பறவைகள்.
எங்கோ உறைந்த ஏரியிலிருந்து
வெயில் காய இங்கே வந்தவையாம்.
மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து
அவற்றைப் பார்க்கிறேன்.
அவை என்னைப் பார்க்கவில்லை.

கிழங்கு சுடுபவரின் கரியடுப்பை
நான்கு பேரும் சூழ்ந்து நிற்க
வேறு யாரும் வாங்க முடியாமல் போகிறது.
அவரே எங்களைத் துரத்துகிறார்,
இலைத் தொன்னையில்
எலுமிச்சை கூடுதலாகப் பிழிந்து.

பிறகு கடலைத்தோலால்
படியில் வரைபடம் போட்டோம்.
இது சுங்கச்சாவடி, இது டீக்கடை,
இது போன வருஷம் நான் விழுந்த திருப்பம்
(அதற்கு இரண்டு தோல் வேண்டும் என்றார்கள்).
சோஹ்னா ஏற்றத்தை
ஒரு காக்கை கொத்திக்கொண்டு போனது.
எல்லோருக்கும் உள்ளூர நிம்மதி.

அப்போதுதான் பனிமூட்டத்துக்குள் ஒரு மணி கேட்டது.
முதலில் மணி,
பிறகு குறுக்குக் கம்பியில் கட்டிய தடி,
பிறகு மஃப்ளர், அதற்குள் மனிதர்.
இரவுக் காவல் முடிந்து
வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்.
பின்சக்கரம் தரையோடு தரை.
பம்ப் இருக்கிறதா என்று கேட்டார்,
ஆற்றங்கரையில் கடலை தின்னும் நான்கு பெண்களிடம்
கேட்கவே கூடாத கேள்வியை.

இம்னாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் வாய் பொருந்தவில்லை.
எங்கள் பம்ப் மெல்லிய டயர் பழகியது.
பையின் அடியிலிருந்து
சுண்டுவிரல் நகமளவு பித்தளைத் திருகு ஒன்று வந்தது.
அதன்பின் முறைவைத்து அடித்தோம்.
பம்ப் கைமாறிக் கைமாறிச் சூடேறியது.
இருபது எனக்கு, இருபது ஷகுஃப்தாவுக்கு.
பல்ஜிந்தர் எண்ணிக்கையில் ஏமாற்றினாள்.
மார்கழியில் முதல்முறையாக
எனக்கு வியர்த்தது.

நீங்களும் ஓட்டுவீர்களா என்றார்.
ஓட்டுவோம், இப்போது சீசன் இல்லை என்றேன்.
எதற்குச் சீசன்?
சைக்கிளுக்கு.
சம்பந்தி வீட்டு வழக்கத்தைக் கேட்பவர்போல்
மரியாதையாகத் தலையாட்டினார்.
கைநிறைய கடலை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஒரு காலால் மூன்று தடவை உந்தி
ஏறி உட்கார்ந்தார்.
பனி அவரை
மனிதர், மஃப்ளர், தடி என்று
வந்த வரிசையைத் திருப்பி வாங்கிக்கொண்டது.
மணி மட்டும் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது.

நாங்கள் நால்வரும்
கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்க்கவில்லை.
இம்னா பித்தளைத் திருகை
சட்டையில் துடைத்து, இரண்டு தடவை துடைத்து,
உள்ளே வைத்தாள்.

வீடு வந்து போர்வையின் முனையைத் தூக்கினேன்.
டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
காற்று இறங்கியிருந்தது.
இருக்கட்டும், ஆறு ஞாயிறு இருக்கிறதே.
மணியை மட்டும் ஒருமுறை அடித்தேன்.
கீழே சந்தில் யாரோ
நிஜமாகவே ஒதுங்கி நின்றார்கள்.