மாற்று உடுப்பு

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, பூசை கலைந்தபின்
மஸ்கெலியா மடத்துத் தையலறையில் கூடுவோம்.
மூன்றாம் சபை.
மற்ற ரெண்டும் எங்கே என்று
என் புருஷன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
ஒன்பது பேர். பதிவேடு என் கையெழுத்தில்,
பிள்ளைக் காம்பராவில் பால்மாக் கணக்கெழுதும்
அதே பேனையால்.

அன்றைக்கு சிஸ்டர் எமில்டா ஒழுங்கை வாசித்தார்.
"எளிமையாய் வாழுங்கள்.
தேவைக்கு மேல் எதையும் வைத்திருக்காதீர்கள்."

தாவீதம்மாதான் முதலில் சிரித்தாள்.
ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிற தோட்டம் அவளுடையது.
பிறகு சூசையம்மா, பிறகு எல்லோரும்,
பிறகு புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றி
சிஸ்டரும்.
மன்னார் வெயிலில் வளர்ந்தவர்;
இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து
ரெண்டு சோடி காலுறையை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போடுகிறவர்.

சரி, எதையாவது விட்டுவிடுங்கள் என்றார்.
வெற்றிலையை என்றாள் ஒருத்தி. எழுதினேன்.
மருமகளோடு பேசாதிருப்பதை என்றாள் இன்னொருத்தி.
நிறுவைக் கணக்கப்பிள்ளைமேல் இருக்கும் கோபத்தை மட்டும்
விடவே மாட்டேன் என்றாள் தாவீதம்மா.
"ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ, சாக்குக்குன்னு ரெண்டு கிலோ
கழிக்கிறான் சிஸ்டர்.
அந்தக் கோபம் ஒண்ணுதான் என் பேர்ல இருக்கு."
சிஸ்டர் என்னைப் பார்த்தார்.
அதையும் எழுதினேன்.

ஆடி மழையில் தாவீதம்மா போனாள்.
மலையிலிருந்து இறங்கி, கூடையை இறக்கி,
படங்கை அவிழ்க்குமுன்.

சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு
அடக்கத்துக்கு உடுப்பு உண்டு.
காப்பிக்கலர்.
தேயிலை வருமுன் இந்த மலையில் நின்றதன் நிறம்.
துணி கண்டியிலிருந்து வரவேண்டும்.
கினிகத்தேனையில் மண் சரிந்து
வந்த லொறி வந்த வழியே திரும்பிவிட்டது.

பின்னேரம் குடையில்லாமல் வந்தார் சிஸ்டர்.
பொலித்தீன் பைக்குள் அவருடைய மாற்று உடுப்பு,
இஸ்திரிச் சூடு இன்னும் ஆறாமல்.
தாவீதம்மா குள்ளம்.
மூன்று அங்குலம் உள்ளே மடித்து
முழங்காலில் நின்று
நீள நீளத் தையலாகப் போட்டார்.
விரல்களில் கொழுந்துக் கறை.
தேசிக்காய் தேய்த்துப் பார்த்தோம்.
போதும், விடுங்கள் என்றார்.

சிற்றாலயத்தில் பெட்டி திறந்திருந்தது.
யாரோ சொல்லி வந்தான் போல, கணக்கப்பிள்ளை
வாசலிலேயே கம்பளித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு
பெட்டியை எட்டிப் பார்த்து
என்னிடம் மெதுவாய்க் கேட்டான்:
"எந்த மடத்து சிஸ்டர் இவங்க?"

சொன்னேன்.
பெயர் அவனுக்குப் பிடிபடவில்லை.
செக்றோல் இலக்கம் நூற்று நாற்பத்தொன்று என்றேன்.

அவன் தொப்பியைத் திரும்பப் போடவில்லை.
அடக்கம் முடியும்வரை
மழையில் அப்படியே நின்றான்.
அதனால் எங்களுக்கு ஒரு கிலோ கூடிவிடவில்லை.
இருந்தாலும், பார்த்ததைச் சொல்கிறேன்.

அடுத்த இரண்டாம் ஞாயிறு
சிஸ்டரின் நாற்காலியில் யாருமில்லை.
எட்டுப் பேர்தான் இனி என்று
பதிவேட்டைத் திறந்து தலைகளை எண்ணினேன்.
ஒன்பது.
மறுபடி எண்ணினேன். ஒன்பதேதான்.

வாங்கின் கடைசியில், முந்தானையால் முக்காடு போட்டு,
சூசையம்மாவின் ஊதாச் சேலையும்
முழங்கையில் பொத்தல் விழுந்த சுவெட்டரும்,
இரண்டு சோடிக் காலுறையும்.

"இருந்தது ஒண்டுதானே," என்றார் சிஸ்டர்,
"மூண்டு நாளாக் காயேல்லை."

மடத்துக் குசினியில் அடுப்புக்கு மேலே
கொடியில் தொங்கியது அது,
புகை மணத்தோடு, சொட்டுச் சொட்டாய்.
கடந்து போன சூசையம்மா
ஓரத்தைப் பிடித்துக் கையில் நிறுத்துப் பார்த்தாள்.

"ஈரத்துக்கு ரெண்டு கிலோ
கழிச்சிடுவோமா சிஸ்டர்?"

இந்த முறை முதலில் சிரித்தது யார் என்று
பதிவேட்டில் இல்லை.