எதெல்மிராவின் பட்டறையில் ஒரு டக்

படகிலிருந்து இறங்கும்போதே மழை.
சிலோயேத் தீவுகளில் யாரும் குடை பிடிப்பதில்லை;
பிடித்தால் காற்று அதை
அர்ஜென்டினாவுக்கு அனுப்பிவிடும்.
கருவிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு
அச்சாவோ மேட்டில் ஏறினேன்.

"மூன்று பிளேடு மாற்றிவிட்டேன்"
என்றாள் எதெல்மிரா நாவெல்கின், வணக்கத்துக்குப் பதிலாக.
"மூன்றும் ஒரே பொய்யைச் சொல்கின்றன."

மேசைமேல் சாட்சிப் பொருள்கள்.
இடப்பக்கம் நழுவி
கோட்டை விட்ட சைப்ரஸ் பலகை,
இரண்டு பொருளிலும்.
அறுத்த முகம் நெடுக, கடலோர மணல்போல
சின்னச் சின்ன அலை வரிகள்.
படகுக்காரன் வியாழக்கிழமை வருவான்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன்.
ஏன் என்று கேட்பவர்களுக்கு
என் சுண்டுவிரல் இருந்த இடத்தைக் காட்டுவேன்.
அவள் கேட்கவில்லை.

மேல் கதவு. கீழ்க் கதவு.
ஈர மரத்தூள், பிசின்,
வாடகை தராத ஒரு சிலந்தி.
பற்றவைத்த மூட்டின் மேல் சாக்பீஸால் கோடு கிழித்து
சக்கரத்தைக் கையால் சுற்றினேன், மெல்ல,
வானொலியில் நிலையம் தேடுவதுபோல.

மூட்டுதான் குற்றவாளி என்றால்
கோடு கடக்கும்போது மட்டும் தட்ட வேண்டும்.
கோடு ஒரு சுற்று வந்து சேர்வதற்குள்
டக்.
டக்.
மூன்றாவதும் வாசலில் நிற்கிறது.
"பிளேடுகளிடம் மன்னிப்புக் கேள்" என்றேன்.

மேல் சக்கரத்து ரப்பரில்
கட்டைவிரலுக்குத் தட்டுப்பட்டது பள்ளம்.
எழுந்து போனவரின் தலை
தலையணையில் விட்டுச்செல்லும் அளவுதான்.

"கடைசியாக எப்போது ஓட்டினாய்?"
"மே மாதம். புவெர்த்தோ மோன்ட்டில் தங்கைக்கு அறுவை சிகிச்சை.
ஒரு வாரம் என்று போனேன்.
செப்டம்பரில் வந்தேன்."
"போகும்போது பிளேடைத் தளர்த்தினாயா?"
தகரக் கூரைமேல் மழை
எங்கள் இருவருக்காகவும் பேசியது.

மாத்தே குடிக்க வைத்திருந்த வெந்நீர்
புது டயரை ஊறவைக்கப் போனது.
அவள் ஒரு முனையை அழுத்திப் பிடிக்க
நான் இழுக்க, அது வழுக்க,
இரண்டு கெட்ட வார்த்தைக்குப் பிறகு உட்கார்ந்தது.

இடப்பக்கம் போன கதை வேறு.
கைடு பேரிங் ஒன்று பிசினில் இறுகி
பிளேடின் விலாவில் முழங்கை போட்டுக்கொண்டிருந்தது.
கழுவினேன். மின்கட்டண ரசீது நுழையும் அளவு
இடைவெளி விட்டேன்.
கட்டணம் பாக்கி என்று அதில் இருந்தது; படிக்காததுபோல் இருந்தேன்.

பிளக்கை மாட்டியதும்
ஒரே சீரான முணுமுணுப்பு.
பலகை கோட்டின் மேலேயே போய்
அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.
அவள் வெட்டுமுகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

கதவை மூடும்முன் உட்புறம் துடைத்தேன்.
தூசிக்கு அடியில் பென்சில் எழுத்து:
'தளர்த்தாமல் போகாதே, கழுதை.'
"யார் எழுதியது?"
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நிதானமாகப் படித்தாள்.
"நான்தான். இதை வாங்கிய அன்று."

கூலியில் பாதி பணம்;
மீதி, ஊதா உருளைக்கிழங்கும்
சரம் கோத்த புகைச் சிப்பியும்.

படகு கால்வாயின் நடுவில் இருக்கும்போது
எனக்கு நினைவு வந்தது,
காலையில் அவசரமாகக் கிளம்பினேனே,
என் பட்டறையில்,
என் ரம்பத்தில்,
அந்தத் திருகை...