எழுத்துக்கு ஆறு ரூபாய்

தகரப் பலகை பதினொன்று,
மஞ்சள் அடி, கறுப்பு எழுத்து,
ஊத்துப்பாறையிலிருந்து தேன்பாறை வரை
நடைபாதை நெடுக நட வேண்டும் என்றார்
ஊராட்சிச் செயலர் சௌந்தரபாண்டி.
எழுத்துக்கு ஆறு ரூபாய்.
புள்ளி வைத்த எழுத்துக்குக் காசில்லை.
மெய்யெழுத்து மட்டும் என்ன பொய்யா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

முதல் பலகை:
பளியர் நினைவு நடைபாதை.

பெயின்ட் காயுமுன் குருவம்மா வந்துவிட்டாள்,
மாந்தோப்புக் கூலி முடித்து
தூக்குவாளியோடு.
வாய்விட்டுப் படித்தாள்.
"நினைவுன்னு செத்தவுகளுக்குல்ல வைப்பாக?
நேத்து ராத்திரி எங்க வீட்ல புள்ள பெறந்திருக்கு."

மண்ணெண்ணெய்த் துணியால் மூன்று எழுத்தைத் துடைத்தேன்.
பதினெட்டு ரூபாய் போச்சு.
நடுவில் ஒரு புகைக்கறை நின்றுவிட்டது,
இன்னும் இருக்கிறது, போனால் பார்க்கலாம்.

பாதைக்கு எட்டடி அகலம் போட்டிருந்தார்கள்,
இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்க.
தவசி பொறியாளரிடம் சொன்னான்,
"முன்னால போறவன் முதுகப் பாத்துத்தான் சார் நடப்போம்.
பேச்சு பின்னால இருந்து வந்துக்கிட்டே இருக்கும்."
ஒன்றரை அடிக்குச் சுண்ணாம்புக்கோடு போட்டார்கள்.
மிச்ச ஆறரை அடியும்
இண்டம்புதருக்கே திரும்பக் கிடைத்தது.

மூன்றாம் பலகைக்கு வந்த வாசகம்
காப்புக்காடு, எல்லைக்கல் நாற்பத்தொன்று.
அதைச் சின்னதாக மூலையில் ஒதுக்கிவிட்டு
அந்தப் பெண்கள் சொன்னதைப் பெரிதாக எழுதினேன்:
இங்கே வள்ளிக்கிழங்கு.
தோண்டுகிறவர் கொடித்தலையைத்
திரும்ப மண்ணில் வைத்துவிட்டுப் போகவும்.

தேன்பாறைக்கு வந்தபோது
யாரும் பக்கத்தில் இல்லை.
ரேஞ்சர் தாளில்
பழங்குடியினர் தேன் சேகரித்த இடம்.
மேலே பாறையிடுக்கில் நாலு அடைகள் தொங்கின,
கீழே போன வாரத்துப் புகைமூட்டத்தின் சாம்பல்.
தூரிகை "சேகரி" வரை வந்து நின்றது.
சேகரிக்கிற இடம் என்று முடித்தேன்.

"தாள்ல இப்படி இல்லையேப்பா?"
ஓர் எழுத்து கூட வருது சார், எனக்கு ஆறு ரூவா லாபம்.
நம்பிவிட்டார்.

எட்டாம் பலகையில்தான் வேலை நின்றது.
கீழே காலனிக்கு இறக்கிவிடுவதற்கு முன்
குடிசைகள் இருந்த மேடு அது.
அடுப்புக்கல் இன்னும் கிடக்கிறது, மூன்று மூன்றாய்.
பழைய குடியிருப்பு, என்று செயலர் தாளில் இருந்தது.
யாருடைய, என்று கேட்டார்கள்.
நாலு நாள் பேச்சு.
பத்தொன்பது வீடு, பத்தொன்பது பேர்:
மாடத்தி, செவத்தான், ராக்கு, கொழுந்தாயி,
பெரிய மொக்கையன், அவன் அடுப்புக்கு எதிரே
பேச்சுவார்த்தை இல்லாத சின்ன மொக்கையன்...
பலகை பற்றவில்லை. எழுத்தைக் குறுக்கினேன்.
பக்கத்தில் நின்று
சின்ன மொக்கையனை மட்டும் கொஞ்சம் தள்ளி எழுதச் சொன்னார்கள்.

இதுக்குக் காசு வேண்டாம் என்று
என் பெருந்தன்மையைச் சொன்னேன்.
குருவம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மா எழுதாத. பில்லு போடு.
ஒவ்வொரு பேரா எழுதி, எட்டாம் பலகை, இன்ன இடம்னு போடு.
நாங்க அங்க இருந்ததுக்கு
ஒரு துண்டுக் காயிதம் கொண்டான்னு
பன்னெண்டு வருசமா கேக்குறாக."

அன்றிரவு எழுமலையில்
கோடு போட்ட தாளில்
பில் எழுதினேன், மூன்று பக்கம்.
வாழ்க்கையில் இவ்வளவு திருத்தமாய்
எந்தக் கடைக்கும் பேர் எழுதியதில்லை.

சௌந்தரபாண்டி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார்.
செவத்தானில் ஒன்றும்
மொக்கையன்களில் இரண்டிரண்டுமாய்
புள்ளியெழுத்தையெல்லாம் சுழித்துக் கழித்தார்.
கூட்டினார், மறுபடி கூட்டினார்.
கையெழுத்து, தேதி,
ஊராட்சி முத்திரை ஒவ்வொரு பக்கத்திலும்.

பணம் இன்னும் வரவில்லை.
குருவம்மா அன்றைக்கே வந்து பில்லை வாங்கிப் போய்
பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில்
பத்தொன்பது நகல் எடுத்தாள்.
முத்திரை சரியாக விழாத ஒன்றை
மறுபடி எடுக்கச் சொன்னாள்.